சான்றுப் பொருள்கள் நான்கு

ஒதியஞ்சாலை ஸ்டேஷன் பின்கட்டில்,
துருவேறும் ஸ்கூட்டர்களுக்கும்
மூடி தொலைந்த சாராயக் கேன்களுக்கும் நடுவில்
நாலு பெட்டிகள்
குற்றத்தை மறுக்கிற முகத்தோடு நிற்கின்றன.

அதிர்ஷ்டமா, திறமையா,
ரெண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடும்மா,
கோர்ட்டில் கேட்கிறார்கள், என்றார் எஸ்.ஐ.
நான் ரயிலடி எடை மெஷின் ரிப்பேர்காரி.
காசு விழுகிற எதையும் திறப்பேன் என்று
யாரோ என் பேரைக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாவது, மூன்று உருளை.
வாசலிலேயே காசுக்குச் சோதனை:
குறுக்களவுக்கு ஒரு பிளவு, எடைக்கு ஒரு தொட்டில்,
இரும்பைப் பிடித்து நிறுத்த ஒரு காந்தம்.
மஞ்சள் ஐந்து ரூபாய்க்கு மட்டும் அனுமதி.
வாஷர் போட்டால் துப்பிவிடும்.
போடுகிற ஆளுக்குச் சோதனை எதுவும் இல்லை.
கைப்பிடியை இழுக்க, வில் முறுகி, உருளைகள் சுழல,
உள்ளே ஒரு பல் ஒவ்வொன்றாய்க் கவ்வி நிறுத்தும்.
டக். டக்.
கொஞ்சம் பொறுத்து,
டக்.
உருளைக்கு இருபது படம்; பெருக்கினால் எண்ணாயிரம் நிலை.
சுவரில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
மணிப் படம் முதலில் மூன்று, அடுத்ததில் மூன்று,
கடைசி உருளையில் ஒன்றே ஒன்று.
எண்ணாயிரத்துக்கு ஒன்பது.
இரண்டு மணி ஜோடியாய் வந்து நிற்கும்,
மூன்றாவது ஒரு விரற்கடை கீழே தொங்கும்.
மயிரிழையில் போச்சே என்று தொடையில் அடித்துக்கொள்வார்கள்.
அந்த மயிரிழையை
ஒருவன் உட்கார்ந்து அளந்திருக்கிறான்.

அடுத்தது காசுக் குன்று.
கண்ணாடிக்குள் ஒரு படி முன்னும் பின்னும் நகர,
விளிம்பில் முந்நூறு காசு
இதோ இதோ என்று எட்டிப் பார்க்கும்.
வீராம்பட்டினத்துக் கலிவரதன்
ஏழாவது அலைதான் தள்ளும் என்று
எண்ணி எண்ணிப் போட்டாராம்.
முதலில் வலைக்கு வைத்திருந்தது,
பிறகு எஞ்சினை அடகு வைத்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
விளிம்பை ஒரு நூல் உயர்த்தியிருக்கிறார்கள்.
இரு ஓரத்திலும் ஒரு சந்து;
குன்று சரிகிறபோது பக்கத்தில் கொட்டுவதெல்லாம்
நேராக முதலாளி பெட்டிக்கு.
கையை விட்டு வாரினேன்.
செதில் காய்ந்து ஒட்டிய காசு ஒன்று வந்தது.
அதை மட்டும் தனிப் பொட்டலமாய்க் கட்டச் சொன்னேன்.
எதற்கு என்று கேட்டார் ரைட்டர்.
தெரியவில்லை என்றேன்.

மூன்றாவது, பொம்மை பிடிக்கிற மூன்று விரல்.
திருப்புளியால் கீழ்ப்பலகையைக் கழற்றினால்
எண் போட்ட ஒரு சிறு குமிழ்: பதினெட்டு.
பதினெட்டு காசுக்கு ஒரு முறைதான்
விரலுக்கு முழு மின்சாரம்.
மற்றப் பதினேழிலும் தூக்கும், காட்டும், நழுவவிடும்,
வாக்குக் கேட்டு வந்தவர் மாதிரி.

இதுவரை அதிர்ஷ்டத்தையே காணோம்.

நாலாவதுதான் வம்பு.
இரும்புக் குண்டை விரலால் சுண்ட,
ஆணிகளுக்குள் இடறி இடறி
ஏழு கிண்ணத்தில் ஒன்றில் விழ வேண்டும்.
ஆணி வளையவில்லை, அடியில் காந்தம் இல்லை,
பலகை சாயவில்லை.
முப்பது முறை சுண்டி நாலு முறை ஜெயித்தேன்.
தள்ளும்மா என்று வந்தார்
கான்ஸ்டபிள் அமலோற்பவம்.
சிவப்புத் தொப்பியை மேலே கவிழ்த்து வைத்து,
கண்ணை மூடிக்கொண்டே சுண்டினார்.
கிண்ணம். கிண்ணம். கிண்ணம்.
இரண்டு மாதம் இரவு டியூட்டி, வேறென்ன செய்ய,
என்று கட்டைவிரல் காய்ப்பைக் காட்டினார்.
எஸ்.ஐ. கூரையைப் பார்த்தார்.
சாட்சிப் பட்டியலில் அவரைச் சேர்க்க முடியாது.

எழுதினேன்:
நாலிலும் திறமை உண்டு.
முதல் மூன்றில் அது செய்தவனுடையது.
நாலாவதில் விரலுடையது; யார் விரல் என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

பயணப்படி இருநூறு என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டு
நூற்றைம்பது கொடுத்தார் ரைட்டர்.
பாக்கி எந்தச் சந்தில் விழுந்தது என்று
நான் டார்ச் அடிக்கவில்லை.